கிரேமோர் தோற்ற சனிக்கிழமை

ரம்யாவிடம் இரண்டு போன் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெரிய போன், கல்யாணத்தின்போது வெற்றிசெல்வன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அதில் அவள் ரம்யா. சின்னது, அறந்தாங்கியில் பழைய போன் விற்கிற கடையில் அவளே வாங்கியது. அதில் அவள் நாகராசு. வயது நாற்பத்தைந்து. ஊர் கீரமங்கலம். தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஆள். இங்கிலாந்தில் ஆடுகிற கிரேமோர் யுனைடெட் என்ற கால்பந்து அணிக்குப் பதினைந்து வருஷத்து ரசிகர்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் புருஷனோடு சேர்ந்து இருந்தது மொத்தம் அஞ்சு மாசம். போன வைகாசியில் அவன் இருபது நாள் லீவில் வந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். அவளிடம் பேசும்போது வாய்க்குள்ளேயே பேசுகிறவன், போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். என்னவென்று எட்டிப் பார்த்தால், ‘கிரேமோர் ரசிகர்கள் – புதுக்கோட்டை’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. நூற்று நாற்பது பேர். பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் துபாய், குவைத், சிங்கப்பூர். அந்த நூற்று நாற்பது பேருக்குக் கிடைத்த வெற்றிசெல்வன் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அவன் விமானம் ஏறின மறுவாரம், அவனே தன் ஸ்டேட்டஸில் போட்டிருந்த லிங்க்கைப் பிடித்துக் குழுவுக்குள் போனாள். அவள் வேலை பார்ப்பது ஆவுடையார்கோவிலில் ஒரு இ-சேவை மையத்தில். அன்றைக்கு மேசை மேல் கிடந்த வாரிசுச் சான்றிதழ் மனுவில் இருந்த பெயர் நாகராசு. அதையே வைத்துக்கொண்டாள்.

புருஷன் என்னதான் பேசுகிறான் என்று கேட்கத்தான் போனாள். ஆனால் புரட்டாசியில் வெற்றிசெல்வன் நாகராசுவுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் வலது பக்கம் ஓடி ஆடியதை எழுதினான். அப்பா இறந்த அன்றைக்குத் தான் மைதானத்தில் இருந்ததை, விஷயம் சொல்ல வந்தவனிடம் “ஆட்டம் முடியட்டும்” என்று சொல்லிவிட்டதை எழுதினான். கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாததெல்லாம், இல்லாத நாகராசுவுக்குத் தெரிந்தது.

கார்த்திகையிலிருந்து அவன் வீடியோ காலில் வருவதே இல்லை. “ரூம்ல வைஃபை சரியில்ல” என்பான். ஏழு வாரம். வேறொருத்தி இருப்பாளோ என்ற எண்ணம் ரம்யாவுக்குள் முள்ளாக நின்றது. நாகராசுவாக இருந்துகூட அவளால் அதைக் கேட்க முடியவில்லை. கேட்டு, ஆமாம் என்று பதில் வந்துவிட்டால்?

*

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. சனிக்கிழமை.

ரம்யா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாமியார் அமிர்தவல்லி ஸ்டூல் மேல் நின்று சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு, முழங்கை வரை சுண்ணாம்பு.

“அத்தை, எறங்குங்க. நாளைக்கு நான் அடிக்கிறேன்னு சொன்னேன்ல?”

“நாளைக்கு நீ அடுப்படிய அடி. இங்கிட்டு நான் முடிச்சிருவேன்.” அமிர்தவல்லி மட்டையை வாளியில் போட்டாள். “அவன் ஏதாச்சும் சொன்னானா?”

“எதப் பத்தி?”

“என்னமோ தெரியாத மாதிரி கேக்குற. பொங்கலுக்கு வாரானா இல்லையா?”

“லீவு கெடைக்கலன்னு போன வாரமே சொல்லிட்டாருல்ல அத்தை.”

“அது போன வாரம். இந்த வாரம் கேட்டியா?”

ரம்யா உள்ளே போய் முகம் கழுவினாள். இந்த வாரம் அவனோடு பேசியது மூன்று தரம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அம்மா மாத்திரை போட்டாங்களா, போட்டாங்க, சரி வச்சிரவா. மூன்று தரமும் அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு மேட்ச். இங்கிலாந்தின் பழைய கோப்பைப் போட்டி. பெரிய அணி, குட்டி அணி எல்லாம் ஒரே சட்டியில் விழுகிற போட்டி அது. கிரேமோருக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்தது ஹேல்பிரிட்ஜ் டவுன் என்ற அணி. அஞ்சாவது டிவிஷன். அதில் பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்து ஆடுகிறவர்கள்.

குழுவில் மத்தியானமே திருவிழா தொடங்கிவிட்டது.

மணமேல்குடியில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிற ஜெபக்குமார்தான் குழுவுக்குத் தலைவர். “இன்னைக்கு அஞ்சு கோலுக்குக் கொறஞ்சா நான் மீசைய எடுத்துர்றேன்” என்று எழுதியிருந்தார்.

அறந்தாங்கி விக்ரம்: “அண்ணே, மீசைய வச்சிப் பந்தயம் கட்டாதீங்க. நம்ம டீம் ஆடுற லட்சணத்துக்குத் தலையே போயிரும்.”

கணக்கு வாத்தியார் செம்மல், குன்றாண்டார்கோவில்: “கடைசி ஒன்பது ஆட்டத்தில் நமக்கு வெற்றி இரண்டு. தகவலுக்காக.”

“சார், நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுங்க” என்று ஜெபக்குமார்.

வெற்றிசெல்வன் ஒரே வரி போட்டிருந்தான். “இன்னைக்காவது ஜெயிச்சா நிம்மதியாத் தூங்குவேன்.”

அதை ரம்யா இரண்டு தரம் படித்தாள்.

*

பெரிய போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தாள். மகனுக்குப் பிடித்த ஆட்டம் என்பதால் மருமகள் பார்க்கிறாள் என்பது அமிர்தவல்லியின் கணக்கு. “அவருகிட்டச் சொல்லிறாதீங்க அத்தை, சிரிப்பாரு” என்று ரம்யா சொல்லி வைத்திருந்தாள்.

ஹேல்பிரிட்ஜ் மைதானம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் தகரக் கூரை. கோல் கம்பத்துக்குப் பின்னால் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, மதில் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நடுமைதானம் நடவு வயல் மாதிரி கிடந்தது.

“என்னடி, சேத்துல போய் வெளாடுறானுக?” அமிர்தவல்லி சுண்ணாம்புக் கையோடு குனிந்து பார்த்தாள். “அந்த மஞ்சச் சட்டை ஏன் தனியா நிக்கிறான்?”

“அவர் கீப்பர் அத்தை. சின்ன டீமோட கீப்பர். குழாய் ரிப்பேர் பண்றவராம்.”

“பாவம். அவனுக்குப் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல பாரு.”

அந்தச் சொல் எங்கோ போய்த் தைத்தது. ரம்யா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதினெட்டாவது நிமிஷம் கிரேமோர் கோல் போட்டது. குழுவில் வெடி, சாமி படம், ஆடுகிற பொம்மைகள். ஜெபக்குமார், “மீசை சேஃப்” என்று எழுதினார். அதற்கப்புறம் கிரேமோர் ஆடவில்லை. கோடிகளுக்கு வாங்கின ஆட்டக்காரர்கள் சட்டை அழுக்காகாமல் பந்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். முன்னால் ஓட ஒருத்தனுக்கும் மனசில்லை. பார்க்கத் தொடங்கின புதிதில் இதெல்லாம் ரம்யாவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தபோது சின்ன போனில் நாகராசுவாக எழுதினாள்: “ஒரு கோல் பத்தாது தம்பிகளா. இவனுக தூங்குறானுக.”

“அண்ணன் பேசுறதே கம்மி. பேசினா பாயின்ட்டு” என்றான் விக்ரம்.

இடைவேளை விட்டார்கள். அமிர்தவல்லி வாளியைக் கழுவக் கொல்லைக்குப் போனாள்.

சின்ன போன் சேலை மடியில் அதிர்ந்தது. வெற்றிசெல்வனிடமிருந்து நாகராசுவுக்குக் குரல் செய்தி. அவன் எப்போதும் எழுதுவான். குரல் அனுப்புவது அபூர்வம். ரம்யா காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

“அண்ணே, நீங்க சொன்னது சரிதாண்ணே. தூங்குறானுக. அந்தப் பதினோராம் நம்பர்க்காரன் ஒரு தடவையாச்சும் ஓடினானா? பேரு பெத்த டீமுன்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்குண்ணே...”

அவள் அதன் பிறகு வார்த்தைகளைக் கேட்கவில்லை. பின்னால் ஒரு குரல் கேட்டது. தொண்டை கட்டின கண்டக்டர் குரல்.

“புதுக்கோட்டை புதுக்கோட்டை புதுக்கோட்டை! அறந்தாங்கி ஏறு! கீரனூர் நிக்காது!”

ரம்யா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி கேட்டாள். மூன்றாம் தரம் கேட்டாள். சிங்கப்பூரில் எந்தக் கண்டக்டர் புதுக்கோட்டைக்கு ஆள் ஏற்றுகிறான்?

அது திருச்சி பஸ் ஸ்டாண்ட். காலேஜ் படித்த மூன்று வருஷமும் வெள்ளிக்கிழமை தோறும் அவள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ரெண்டரை மணி நேரத் தூரம். ஏழு வாரமாக அவள் கடல் தாண்டி நினைத்துக்கொண்டிருந்த ஆள், ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் உட்கார்ந்து, கீரமங்கலத்து நாகராசுவிடம் பதினோராம் நம்பர்க்காரனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறான்.

*

இரண்டாவது பாதி தொடங்கியது. கண் போன் மேல் இருந்தது, எதுவும் ஏறவில்லை.

எழுபதாவது நிமிஷம் ஹேல்பிரிட்ஜ்காரன் ஒருவன் சேற்றில் சறுக்கிக்கொண்டே காலை நீட்டினான். பந்து உள்ளே போயிற்று. ஒன்றுக்கு ஒன்று. மதில் மேல் இருந்தவர் ஏணியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். தகரக் கூரை அதிர்ந்தது.

“எவன் ஜெயிக்கிறான்?” அமிர்தவல்லி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரும் சமம் அத்தை.”

“அந்தக் குழாய்க்காரன் ஜெயிக்கட்டும்.”

“உங்க மகனோட டீமு மத்தது.”

“என் மகனுக்கு என்ன, தோத்தா சோறு எறங்காமப் போயிருமா? அந்தப் பயலப் பாரு, மூஞ்சியெல்லாம் சேறு.”

அமிர்தவல்லி வாக்கு பலித்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது ஹேல்பிரிட்ஜுக்கு ஒரு கார்னர். எல்லோரும் முன்னால் வந்து குவிந்தார்கள். பந்து யார் தலையில் பட்டது, யார் முதுகில் பட்டது என்றே தெரியவில்லை. கோல். ரெண்டுக்கு ஒன்று. விசில்.

அந்தக் குழாய்க்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சனம் மைதானத்துக்குள் ஓடி வந்து அவரைத் தூக்கியது. அமிர்தவல்லி கை தட்டினாள்.

ரம்யாவுக்குக் கண் கலங்கியது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

குழு தீப்பிடித்த மாதிரி எரிந்தது.

“கோச்சைத் தூக்கு!”

“கோச் என்ன பண்ணுவான், ஓடினாத்தானே.”

“பதினெட்டு வருஷமா இந்த டீமுக்காகப் பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்குறேன். இன்னைக்கு அவ சிரிக்கிறாடா. அதத்தான் தாங்க முடியல.” இது விக்ரம்.

“பந்து எழுபத்தெட்டு சதவீத நேரம் நம்மிடம் இருந்தது. கோல் அவர்களிடம் இருந்தது” என்றார் செம்மல்.

யாரோ ஆறுதல் சொன்னார்கள்: “நாம மட்டுமா? இன்னைக்கு இன்னும் ரெண்டு பெரிய டீமு சின்னப் பயலுககிட்ட உருண்டிருக்கு.”

“ஊரான் வீடும் எரியுதுன்னா நம்ம வீட்டுத் தீ அணைஞ்சிருமா?”

ஜெபக்குமார் கடைசியாக வந்தார். எழுத்து இல்லை, ஒரு போட்டோ. மீசை இல்லாத முகம். பார்க்கப் பத்து வயசு குறைந்து, பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தார். நூற்று நாற்பது பேரும் சிரித்தார்கள்.

வெற்றிசெல்வன் மட்டும் அங்கே வரவில்லை.

ரம்யா அடுப்படிக்குப் போய்க் கதவை ஒருக்களித்தாள். தோசைக் கல்லை அடுப்பில் வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சின்ன போனை எடுத்து எழுதினாள்.

“தம்பி, நீங்க பேசுனதுல ஒரே சத்தமா இருந்துச்சே. எங்க இருக்கீங்க?”

நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டான். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். ‘டைப்பிங்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

“அண்ணே, ஒங்ககிட்ட மறைக்க முடியல. நான் சிங்கப்பூர்ல இல்ல. கார்த்திகை மாசமே வந்துட்டேன். வேலை முடிஞ்சிருச்சுன்னு எங்க செட்டையே மொத்தமா அனுப்பிட்டாங்க. திருச்சியில ஒரு எலக்ட்ரிகல் கடையில நிக்கிறேன். வீட்டுக்குத் தெரியாது.”

ரம்யா சுவரில் சாய்ந்துகொண்டாள். வேறொருத்தி இல்லை. முதலில் வந்தது அதுதான், நெஞ்சு லேசாகிவிட்டது. அடுத்த நொடியே கோபம் வந்தது. ஏழு வாரம்! அவன் அம்மா ஸ்டூல் மேல் ஏறி நின்று, மகன் வந்தாலும் வருவான் என்று வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

“வீட்டுக்குப் போக வேண்டியதுதானே தம்பி?”

“சனிக்கிழமையான்னா போகலாம்னுதான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன் அண்ணே. ஒரு பஸ் கெளம்பும். அடுத்ததுல ஏறிக்கலாம்னு உக்காந்திருப்பேன். அடுத்ததும் கெளம்பிரும். மேட்ச் இருந்தா இங்கயே போன்ல பாத்துட்டு ரூமுக்குப் போயிருவேன்.”

“ஏன் ஏற மாட்டேங்குறீங்க?”

“அம்மா அழுவாங்க, அப்பறம் சோறு போடுவாங்க. அது பரவாயில்ல. என் பொண்டாட்டிதாண்ணே. அவ ரொம்ப நல்லவ. ஆனா அவளுக்குத் தெரிஞ்சது சிங்கப்பூர்க்காரன. லீவுல வந்து இருவது நாள் இருந்துட்டுப் போறவன. வெறுங்கையா, தோத்துப் போய், எந்நேரமும் வீட்டுல இருக்குற ஒருத்தன அவளுக்குத் தெரியாது. அவகிட்ட என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியலண்ணே. ஒங்ககிட்டப் பேசுற மாதிரி அவகிட்டப் பேச வரல.”

அந்த வரி அவளை அப்படியே நிற்க வைத்தது.

அவன் பேசுவது அவளிடம்தான். ஆனால் அவளிடம் இல்லை. அவன் நம்புவது அவளைத்தான். ஆனால் அவளை இல்லை. திருச்சியிலிருந்துகொண்டு சிங்கப்பூர் என்று சொன்னது பொய் என்றால், அடுப்படியில் நின்றுகொண்டு கீரமங்கலம் என்று சொன்னது என்ன?

எழுதினாள்: “பேசிப் பாத்தீங்களா தம்பி?”

‘டைப்பிங்’ என்று வெகுநேரம் ஓடியது. ஒரே ஒரு சொல் வந்தது.

“இல்ல.”

*

“ரம்யா! அடுப்படியில என்னாத்தா பண்ணுற? தோசை வாசமே வரல.”

“இந்தா சுட்டுட்டேன் அத்தை.”

மூன்று தோசை சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். அமிர்தவல்லி ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டு மருமகள் முகத்தையே பார்த்தாள்.

“அழுதியா?”

“வெங்காயம்.”

“தோசைக்கு ஏது வெங்காயம்?”

ரம்யா குனிந்துகொண்டாள். அமிர்தவல்லி சுண்ணாம்பு காய்ந்து வெடித்த விரல்களால் தட்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.

“ஒரு போன் போடேன் அவனுக்கு. நான் பேசலம்மா. நீயே பேசு. பொங்கலுக்கு வராட்டியும் போகுது. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. இந்தக் கொஞ்ச நாளா அவன் கொரலே சரியில்ல. நீ கவனிக்கலையா?”

“கவனிச்சேன் அத்தை.”

“நானா கேட்டா, ஒன்னுமில்லம்பான். பெத்தவகிட்ட அதத்தான் சொல்லுவானுக.”

மணி எட்டே கால். பெரிய போனை எடுத்துக்கொண்டு ரம்யா கொல்லைப்பக்கம் போனாள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டில் புதுப்பானையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, யாரோ அதை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவது தரம் மணி அடித்தபோது எடுத்தான்.

“ம். சொல்லு ரம்யா.” பஸ் சத்தம் இல்லை. ஏதோ சந்துக்குள் ஒதுங்கியிருக்க வேண்டும்.

“தூங்கிட்டீங்களா?”

“இப்பத்தான் படுத்தேன். இங்க மணி பதினொன்னு ஆகப் போகுதுல்ல.”

எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறான்! ரம்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். நீ?”

“இனிமேத்தான். அங்க மழையா?”

“ஆமா. சரியான மழை.”

“அத்தை வீட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டாங்க. தனியாவே.”

“எதுக்கு அம்மாவ அதெல்லாம் செய்ய விடுற?” என்றான். குரல் உடைந்து வந்தது.

“நீங்க வந்தாலும் வருவீங்கன்னு அடிக்கிறாங்க.”

“லீவு கெடைக்கலன்னு சொன்னேன்ல.”

“சொன்னீங்க.”

இப்போது வழக்கமாக அவன், சரி வச்சிரவா என்பான். அவள், சரி என்பாள். ரம்யா கிணற்றுத் திட்டைப் பிடித்துக்கொண்டாள். தன் குரலில், தன் பேரில், அவனுக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூட இதுவரை பேசினதில்லை. அவன் மட்டுமா பேசிப் பார்க்கவில்லை?

“இன்னைக்குக் கிரேமோர் தோத்துருச்சாமே,” என்றாள்.

“ரம்யா?”

“ம்.”

“ஒனக்கு... ஒனக்கு எப்புடித் தெரியும்?”

“பாத்தேன். கடைசி நிமிஷம் வரைக்கும் பாத்தேன். மொத கோல் போட்டப்பறம் யாரும் முன்னால போகவே இல்ல. பதினோராம் நம்பர்க்காரன் நின்ன எடத்துலயே நின்னான். அப்பறம் எப்படி ஜெயிக்கும்?”

நாய் ஒன்று எங்கோ குரைத்தது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை.

“நீ பந்து ஆட்டமெல்லாம் பாப்பியா?” சின்னப்பிள்ளை கேட்பது மாதிரி கேட்டான்.

“பாப்பேன்.”

“எப்பேருந்து?”

“நீங்க போனதுலேருந்து.”

இன்னும் ஒரு வார்த்தை அவன் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். ஆனால் அவன் பயந்துவிட்டான். அவளுக்கு அது இங்கேயே தெரிந்தது.

“காலையில ஷிஃப்ட்டு இருக்கு ரம்யா. தூக்கம் வருது. நாளைக்குப் பேசுறேன்.”

போன் அணைந்தது.

ரம்யா கிணற்றுத் திட்டிலேயே உட்கார்ந்தாள். ஈரம் சேலையில் ஏறியது. இவ்வளவு நாள் கட்டின கோட்டைக்கு ஒரு வாசல் திறந்து பார்த்தாள். அவன் உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டான். இனி அவன் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிடுவான். அடுத்த சனிக்கிழமையும் வருவான், விடுவான். நாகராசுவுக்கு எழுதுவான். நாகராசு நல்ல நல்ல புத்தியாகச் சொல்வார். அந்தக் கீரமங்கலத்து மனுஷன் மேல் அவளுக்கு முதல் தடவையாகப் பொறாமை வந்தது.

மடியில் சின்ன போன் அதிர்ந்தது.

எழுத்து இல்லை. குரல் செய்தியும் இல்லை. போன் வருகிறது. வெற்றிசெல்வன் நாகராசுவைக் கூப்பிடுகிறான். இத்தனை மாசத்தில் ஒரு நாளும் அவன் கூப்பிட்டதில்லை. இவள் பச்சையைத் தொட்டால் நாகராசு செத்துப்போவார். தொடாவிட்டால் அவர் நாளைக்கும் இருப்பார். இவள் இருக்க மாட்டாள்.

“ரம்யா, அது யாரு போனு?” வாசற்படியில் அமிர்தவல்லி நின்றிருந்தாள். மருமகள் ஒரு கையில் ஒரு போனும் இன்னொரு கையில் இன்னொரு போனுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டாள்.

ரம்யா அவளைப் பார்த்தாள். மறைக்கவில்லை. பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தாள்.

“அண்ணே!” மூச்சிரைக்கிற குரல். “தப்பா நெனைக்காதீங்கண்ணே, யாருகிட்டயாச்சும் பேசணும் போல இருந்துச்சு. இப்ப எம்பொண்டாட்டி போன் பண்ணா. மேட்ச் பாத்தாளாம்ணே. அந்தப் பதினோராம் நம்பர்க்காரனப் பத்தி அவ பேசுறா, நான் ஒங்ககிட்டச் சொன்னதையே அப்படியே சொல்லுறா. எனக்கு என்ன சொல்லுறதுன்னே தெரியல. பயந்துக்கிட்டு போன வச்சிட்டேன். நான் அவகிட்ட அப்படியே பேசிக்கிட்டு இருந்திருக்கணும்ணே, ஏன் வச்சேன்னே தெரியல. நீங்க சொல்லுங்கண்ணே, நான் இப்ப என்ன பண்ணட்டும்? அண்ணே? கேக்குதா? ஏதாச்சும் பேசுங்கண்ணே.”

ரம்யா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“என்னங்க,” என்றாள்.

பத்து எண்ணுகிற நேரம் ஆகியும் அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.